பெயரெழுதாப் படங்கள்

தை பிறந்து பனி விலகாத காலைகளில், கடலூரிலிருந்து பண்ணுருட்டிக்குச் செல்லும் சாலையிலும், கண்டரக்கோட்டைப் பாலத்தைக் கடந்து தெற்கே இறங்கும் பெருவழியிலும், தோளில் படக்கருவி தொங்க இருசக்கர வண்டிகளில் வரும் இளைஞர்களைக் காணலாம். சென்னையிலிருந்தும் புதுவையிலிருந்தும் வருகின்றனர். கிழமை முழுதும் கணிப்பொறியின் முன் அடைபட்டுக் கிடந்துவிட்டு, ஓய்வுநாளில் நாட்டுப்புறம் தேடி வருபவர்கள். அண்ணாகிராமம் ஒன்றியத்து ஊர்களில் வண்டியை நிறுத்துகின்றனர். கரும்புக் கொல்லையின் மேல் படர்ந்த பனியை எடுக்கின்றனர். தென்பெண்ணை மணலில் இறங்கிக் கதிரவன் எழுவதை எடுக்கின்றனர். திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகச் சுருக்கங்களை எடுக்கின்றனர். ஊர்ப்புறத்து ஐயனாரின் மண்குதிரையை எடுக்கின்றனர். பொழுது சாய்வதற்குள் அவையனைத்தும் இணையத்தின் வழி ஞாலமெங்கும் சென்று விடுகின்றன.

அப்படங்களின் அடியில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று பாருங்கள். 'தென்னிந்தியச் சிற்றூர் ஒன்று' என ஆங்கிலத்தில் இருக்கும். 'முதியவள்' என்றிருக்கும். 'எளிய வாழ்க்கை' என்றிருக்கும். எந்த ஊர்? எழுதவில்லை. எந்த ஆறு? எழுதவில்லை. அந்தப் பாட்டிக்குப் பெயர் இல்லையா? உண்டு, எவரும் கேட்கவில்லை. தமிழ்நாடு என்னும் சொல்லே பல படங்களின் கீழ் இல்லை. எடுத்தவன் தமிழன், எடுக்கப்பட்டவள் தமிழச்சி, நின்ற நிலம் தமிழ்நிலம். படம் மட்டும் ஊர்பேர் தெரியாத ஏதிலியாய் அலைகின்றது!

இளைஞர்கள் ஊர் சுற்றுவதையோ படமெடுப்பதையோ நாம் குறைகூற வரவில்லை. தன் நாட்டின் ஆற்றையும் மேட்டையும் கண்ணால் காணாமல் நாட்டுப்பற்றுப் பேசுகின்றவனினும், கால் நோக நடந்து நான்கு ஊர்களைப் பார்த்து வருகின்றவன் நமக்கு நெருங்கியவன். நாம் கேட்பது ஒன்றே. எடுத்த படத்தின் அடியில் ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் பொருட்பெயரையும் நாளையும் தமிழில் எழுதுங்கள். இவ்வளவு சிறிய செய்திக்கு ஓர் ஆசிரியவுரையா என்று கேட்பாருளர். சிறியதன்று என்பதற்கு நூற்றெழுபது ஆண்டுக்கால வரலாறு சான்றாக உள்ளது.

அதற்குமுன் சொல்லைப் பற்றி ஓரிரு சொல். 'புகைப்படம்' என்று இன்னும் எழுதுகின்றனர். அதில் புகை எங்குள்ளது? கிரேக்கர் மொழியில் அச்சொல்லின் பொருள் ஒளியால் எழுதுதல் என்பதே. ஆகவே ஒளிப்படம் என்பது நேரிய சொல். நிழற்படம் என்பதும் பழுதன்று. 'கிராமம்' என்பதும் வடசொல்லே. ஊர், சிற்றூர், பட்டி, பாக்கம், குப்பம், பாளையம் என்று நம்மிடம் இருக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அண்ணாகிராமம் என்னும் ஒன்றியப் பெயரிலேயே அது ஒட்டிக் கொண்டுள்ளது. ஆயினும் படத்தின் அடியில் எழுதும்போது அண்ணாகிராமம் என்றே எழுதுக. ஊர்ப்பெயர் ஊராருடையது; அதை மாற்றுவதாயின் அவர்கள் மாற்றட்டும்.

ஒளிப்படக்கலை 1839-இல் பாரிசு நகரில் வெளிப்பட்டது. 1856-இல் சென்னையில் அதற்கென ஒரு கழகமே தோன்றிவிட்டது. அவ்வாண்டிலேயே வெள்ளையர் படையைச் சேர்ந்த இலின்னேயசு திரைப்பு என்பார் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857-இன் இறுதியிலும் 1858-இலும் அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று பெருங்கருவிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிச் சுற்றினார். அவர் படங்களில் ஆள்கள் மிக அரியர். அக்காலத்துக் கருவிக்கு அசையாத பொருளே ஏற்றது, கல் அசையாது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானத்து அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் அடுத்தடுத்து எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக ஆக்கினார். எழுத்தைப் படிக்கும்படி எடுக்க வேண்டும் என்று அயலான் ஒருவன் அன்றே எண்ணியிருக்கின்றான். அவனுடைய உழைப்பை நாம் மதிக்கின்றோம்.

ஆனால் அந்தக் கோயிலின் கல்வெட்டுகள் செய்த வேலையைப் பாருங்கள். இராசராசன் தஞ்சையில் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். ஒருத்தி விடாமல் அவர்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தஞ்சையில் எந்தத் தெருவின் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவர்களை ஊர் ஊராகப் பெயர்த்துக் கொணர்ந்த அரசனின் செயலை நாம் போற்றவில்லை; அது வேறு வழக்கு. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஆடற்பெண் ஒருத்திக்குக் கல்லில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதிய நாடு இது. இன்று கையில் நாலு விரல் அகலக் கருவியை வைத்துக்கொண்டு, எழுத ஒரு நொடியும் செலவில்லாத காலத்தில், 'முதியவள்' என்று எழுதுகின்றோம்!

இந்தப் பெயரில்லா வழக்கத்தை யாரிடம் கற்றோம்? 1868 முதல் 1875 வரை எட்டு மடலங்களாக 'இந்திய மக்கள்' என்னும் படத்தொகுப்பை வெள்ளையராட்சி வெளியிட்டது. அதன் பின்னர், சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்சுட்டன், இரங்காச்சாரி என்பாரின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு மடலங்களை 1909-இல் வெளியிட்டார். மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார், படமெடுத்தார். அவ்வகைத் தொகுதிகளில் படத்தின் அடியில் ஆளின் பெயர் இராது. குலத்தின் பெயர் இருக்கும். வண்டினத்துக்கும் பூச்சியினத்துக்கும் ஊசி குத்தி அடியில் இனப்பெயர் எழுதி வைப்பார்களே, அந்த முறை அது. ஆள்வோனுக்குக் குடியானவன் ஓர் ஆளல்லன். ஒரு வகையின் மாதிரி. ஆகவே அவன் பெயர் அவனுக்கு வேண்டாததாயிற்று.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பெரும்பஞ்சத்தின்போது, வில்லோபி வாலசு ஊப்பர் என்னும் வெள்ளைப் படைத்துறையார் பஞ்சத்தில் வாடியவர்களைப் படமெடுத்தார். எலும்பும் தோலுமாய் உயிரூசலாடும் ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வரிசையாய் அமர்த்தியும் நிறுத்தியும், குடும்பப் படத்துக்கு இருத்துவதுபோல் இருத்தி எடுத்த படங்கள் அவை. அவற்றைப் பார்த்தவர்களில் அவர் நாட்டாரே அவரைப் பழித்ததுண்டு. இன்றும் பஞ்சத்தைப் பற்றிய பொத்தகங்களில் அப்படங்கள் வருகின்றன. அவற்றில் இருக்கும் ஒருவர்க்கும் பெயர் தெரியாது. எந்த ஊரிலிருந்து கஞ்சி தேடி நடந்து வந்தார்கள் என்பது தெரியாது. அவர்களின் பேரன் மக்கள் நம்மிடையே இருக்கக்கூடும். தம் பாட்டன் அப்படத்தில் இருப்பதை அறியமாட்டார். கருவி பிடித்தவன் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

வெள்ளையன் போய்விட்டான்; அவன் பார்வை போகவில்லை. நம் இளைஞரைக் கேட்டால் தாம் எவரையும் இழிவாக எண்ணவில்லை, அழகைத்தான் எடுத்தோம் என்பர். மெய்தான். ஆனால் அந்த அழகை அவர்களுக்குக் கற்பித்தது எது? நாட்காட்டிப் படமும் திரைப்படமும். 1977-இல் '16 வயதினிலே' வந்தபோது படக்கருவி அரங்கத்தை விட்டு வெளியேறி ஊருக்குள் வந்தது என்று மகிழ்ந்தோம். வந்தது நன்றே. அதன்பின் வந்த நூற்றுக்கணக்கான படங்கள் ஊரை ஒரு திரைச்சீலையாக ஆக்கிவிட்டன. பச்சை வயல், தாவணி, மாட்டுவண்டி, ஆலமரம்! இன்று இளைஞன் ஊருக்குள் வரும்போதே இவற்றைத்தான் தேடிக்கொண்டு வருகின்றான், இருந்தால் எடுக்கின்றான், இல்லாவிடில் ஊர் கெட்டுவிட்டது என்று வருந்திக்கொண்டு திரும்புகின்றான்.

இந்த மண்ணிலிருந்தே இதற்கு மாற்று ஒன்று எழுந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டையில் உழவர் குடியில் பிறந்த தங்கர் பச்சான், ஒளிப்பதிவைத் தொழிலாகக் கற்றவர். 'காதல் கோட்டை' (1996), 'பாரதி' (2000) முதலிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். தாம் எழுதிய கதையைக் கொண்டு 'அழகி'யை 2002-இலும், தம் புதினமாகிய 'ஒன்பது ரூபாய் நோட்டு' என்பதை 2007-இலும் திரைக்குக் கொண்டு வந்தார். அந்தப் பலாவும் முந்திரியும் எந்த மண்ணின் பலாவும் முந்திரியும் என்று பார்ப்பவனுக்குத் தெரியும். எழுத்தும் படமும் ஒருவரிடத்தில் கூடியதால் வந்த பயன் அது. அவர் படங்கள் எல்லாவற்றையும் நாம் ஒப்புகின்றோம் என்பதன்று. ஊரின் பெயரைச் சொல்லவும் ஊரின் பேச்சைப் பேசவும் கூசாத ஒளிப்பதிவாளர் ஒருவர் இவ்வட்டாரத்தில் தோன்றினார் என்பதே நம் கருத்து.

இனி அண்ணாகிராமத்துக்கே வருவோம். தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட ஊர்களே இங்குப் பெரும்பாலன. ஆற்று வண்டல் பட்ட நிலத்தில் நெல்லும் கரும்பும். நெல்லிக்குப்பத்துப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கு எழுந்த சருக்கரை ஆலை. கெடிலத்தைத் தாண்டித் தெற்கே போனால் பண்ணுருட்டியின் செம்மண் மேடுகளில் பலாவும் முந்திரியும். நாவுக்கரசரோடு இணைத்துப் பேசப்படும் திருவதிகை, கெடிலக் கரையிலேயே உள்ளது. பண்ணுருட்டியின் மண்பொம்மைகள் பெயர் பெற்றவை. ஒரு பகல் வண்டியில் சுற்றினால் இத்தனையும் கண்ணில் படும்.

கண்ணில் பட்டதற்குப் பெயர் வேண்டுமே! கரும்பு என்று ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றோம். நட்ட துண்டு கரணை, ஒருமுறை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைப்பது மறுதாம்பு, உரிப்பது தோகை. பலாவின் பிஞ்சு மூசு, மாவின் பிஞ்சு வடு, தென்னையினதும் பனையினதும் குரும்பை, வாழையினது கச்சல். ஆங்கிலத்தில் இவையனைத்துக்கும் 'பழுக்காத' என்னும் ஒரே அடைமொழியைச் சேர்த்து வேலையை முடிப்பார்கள். மரத்தின் அடியில் தொங்கும் பலாமூசை மிக அழகாக எடுத்துவிட்டு, அதன் கீழ் ஆங்கிலத்தில் 'பழுக்காத பலா' என்று எழுதும் தமிழ் இளைஞன், ஒரு படத்தைப் பெற்று ஒரு சொல்லை இழக்கின்றான். அந்தத் தோப்புக்காரரிடம் 'இதற்கு என்ன பெயர் ஐயா?' என்று கேட்டிருந்தால் ஒரு சொல்லோடு ஒன்பது சொல் வந்திருக்கும். அகரமுதலிகளில் ஏறாத சொற்கள் இன்னும் கொல்லைகளில் உலவுகின்றன. அவற்றைத் தொகுக்கப் பல்கலைக்கழகங்கள் ஆள் அனுப்பும்வரை காத்திருப்பதா? படக்கருவியோடு போகின்றவன் ஒவ்வொருவனும் சொற்றொகுப்பாளன் ஆகலாம்.

முந்திரியை எடுத்துக்கொள்வோம். சிவந்தும் மஞ்சளாயும் தொங்கும் பழமும் அதன் அடியில் வளைந்த கொட்டையும் படத்துக்கு மிக ஏற்றவை, எல்லாரும் எடுக்கின்றனர். போர்த்துக்கேயர் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மரம் அது என்பதையும், நானூறு ஆண்டுகளுக்கு மேலாய் நம் மண்ணில் ஊன்றி நம் உழவரின் மரமாகிவிட்டது என்பதையும் எழுதுவார் சிலரேனும் உளர். கொட்டையை உடைக்கும் கைகளை எடுப்பார் எத்தனை பேர்? முந்திரி ஓட்டுக்குள் காரமான எண்ணெய் ஒன்று உள்ளது. அது தோலில் பட்டால் பொத்துப்போகும். விரல் நுனி கறுத்து வெந்துவிடும். எண்ணெயையோ சாம்பலையோ கையில் தேய்த்துக்கொண்டு நாள் முழுதும் குந்தியிருந்து பெண்கள் உடைக்கின்றனர். பருப்பு வெள்ளையாய் வெளிவருகின்றது. கை கறுப்பாய் நின்றுவிடுகின்றது. அந்தக் கையைப் படமெடுத்து, அடியில் அவள் பெயரையும் ஊரையும், ஒரு நாளைக்கு எவ்வளவு உடைக்கின்றாள், என்ன கூலி பெறுகின்றாள் என்பதையும் எழுதினால் அது படம்! 'உழைக்கும் கைகள்' என்று எழுதினால், அது மீண்டும் நாட்காட்டியே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்ப்படம் எடுப்பவர் ஊர்த்தெருவோடு நின்றுவிடுகின்றனர். கோயில், குளம், ஓட்டுவீடு, தேர் நிற்கும் மூலை ஆகியவற்றோடு படம் முடிகின்றது. அதற்கு அப்பால், வயலைக் கடந்து, சேரி இருக்கின்றது. வயலில் நாற்று நடும் பெண்களைப் படமெடுத்தவன், அவர்கள் மாலையில் எந்தப் பக்கம் நடந்து போகின்றார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. 'தமிழ்ச் சிற்றூர்' என்று தலைப்பிட்டு ஊரில் பாதியைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடுகின்ற படம் அழகாயிருக்கலாம், உண்மையாயிராது. தமிழர் ஓரினம் என்று மேடையில் முழங்குவோர் முதலில் இதனைத் தம் படத்தில் காட்டட்டும்.

சரி, பெயரெழுதுவதால் என்ன ஆகிவிடும்? படம் சான்றாகும்.

2011 திசம்பர் 30-ஆம் நாள் விடியலில் 'தானே' என்னும் புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ணுருட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாமரங்களும் முந்திரிக் காடுகளும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. மகன் பிறந்தபோது வைத்த மரம் பேரன் காலத்தில்தான் பெரும்பயன் தரும் என்று நட்டவர்களுக்கு நேர்ந்த இழப்பு அது. நெல்லைப்போல் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைத்துக்கொள்ள முடியாதது. 2015 நவம்பர் 9-ஆம் நாள் கொட்டிய பெருமழையில் பண்ணுருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையத்தில் வெள்ளம் வீடுகளோடு உயிர்களையும் அடித்துச் சென்றது. 2024 திசம்பர் முதற்கிழமையில், 'பெஞ்சல்' புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைபுரண்டு ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. ஒவ்வொரு முறையும் பேரிழப்புக்குப் பின் அலுவலர் வந்து கேட்கும் வினா ஒன்றே. இங்கு என்ன இருந்தது? எத்தனை மரம்? கரை எவ்வளவு உயரம்? ஓடை எவ்வளவு அகலம்? அழகுக்காக எடுத்த படங்களுள் ஒன்றில் அந்தக் கரை இருக்கக்கூடும். அந்தத் தோப்பு இருக்கக்கூடும். ஆனால் எந்த ஊர், எந்த நாள் என்று எழுதாத படத்தை எவன் ஏற்பான்? 'பொன்மாலைப் பொழுது' என்னும் தலைப்பு எந்த வட்டாட்சியர் அலுவலகத்திலும் செல்லாது.

நாளும் ஊரும் சொல்லப்பட்டால் என்ன ஆகும் என்பதை இதே கடலூர் மாவட்டம் கண்டது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்காலை வெட்ட, 2023 சூலை 26-ஆம் நாள் வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின் மேல் மண்வெட்டும் பொறிகள் இறக்கப்பட்டன. நிலம் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். பயிர் கதிர்விடும் வேளையில் இதுவோ அறம் என்றனர் உழவர். பச்சை நெல்லைப் பொறி வாரிப் புரட்டும் அப்படங்கள் ஊர்ப்பெயரோடும் நாளோடும் நாடெங்கும் போயின. அதுவரை அந்த ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிராதவர்கள் கேட்டறிந்தனர். வழக்கு உயர்நீதிமன்றத்தில் பேசப்பட்டது. அதே படத்தின் கீழ் 'மறைந்துவரும் வயல்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் பார்த்தவர் பெருமூச்சுவிட்டுப் போயிருப்பர்.

பெயரோடு கூடிய படத்தின் ஆற்றலைக் கடலுக்கு அப்பாலும் நம் இனத்தார் காட்டி வருகின்றனர். 2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது சிங்களப் படையிடம் ஒப்படைக்கப்பட்டும் பிடித்துச் செல்லப்பட்டும் காணாமற் போனவர்களின் தாய்மார், 2017 பிப்பிரவரி 20-ஆம் நாள் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கையில் இருந்தவை ஒளிப்படங்களே. பள்ளிச் சீருடையிலும் திருமண உடையிலும் அடையாள அட்டைக்காகவும் எடுத்த சிறுசிறு படங்கள். பெயரோடு, ஊரோடு, காணாமற் போன நாளோடு. கலைநயம் என்று அவற்றில் எதுவுமில்லை. எங்கே என் மகன் என்னும் வினாவுக்கு விடை சொல்ல முடியாத அரசு, அந்தப் படங்களைத்தான் அஞ்சுகின்றது.

இவ்வழியில் உழைப்பவர் நம்மிடையே இல்லாமலில்லை. மதுரை மாவட்டத்து உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்த பழனிக்குமார் என்னும் ஒளிப்படக்காரர், மலக்குழியில் இறங்கி மாண்டவர்களின் வீடுகளுக்கும், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களிடத்தும், மீன் விற்கும் தாய்மாரிடத்தும் சென்று, அவர்களோடு இருந்து படமெடுப்பவர். சாய்நாத்து என்னும் இதழாளர் 2014-இல் தொடங்கிய 'பாரி' என்னும் ஊரக மக்கள் ஆவணக் களத்தில் அப்படங்கள் வெளிவருகின்றன. படத்தின் அடியில் ஆளின் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், செய்யும் வேலையின் பெயர் இருக்கும். தமிழிலும் படிக்கக் கிடைக்கும். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படமெடுக்கவும் அவர் கற்றுத் தருகின்றார். வெளியிலிருந்து வருவோனுக்காக ஊர் நின்று காட்டிய காலம் போய், ஊர்ப்பிள்ளையே ஊரை எடுக்கும் காலம் வருவதற்கு அஃது ஒரு தொடக்கம்.

கலைக்கு அடிக்குறிப்பு எதற்கு, படமே பேச வேண்டாவா என்று கேட்கும் கலைஞர் சிலர் உளர். பேசட்டும். ஆனால் அவரே தம் படத்தின் மூலையில் தம் பெயரை மட்டும் மறவாமல் பொறித்துக் கொள்கின்றாரே, அது எதற்காம்? எடுத்தவன் பெயரால் கெடாத கலை, எடுக்கப்பட்டவள் பெயரால் கெட்டுவிடுமா?

பெயர் கேட்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெயர் கேட்பவன் நின்று பேச வேண்டும்; பேசுபவன் இசைவு கேட்க வேண்டும். 'அம்மா, உங்களை ஒரு படம் எடுக்கலாமா?' என்று கேட்டபின் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்க்கும் படம், மறைந்திருந்து தொலைவில்லையால் திருடிய படத்தைவிட ஒருபடி மேலானதென்பதே நம் எண்ணம். வேண்டா என்று சொன்னால் கருவியை மூடிவிடுக. அதற்கும் இம்மாவட்டத்தில் ஒரு பெருமகன் உளர். வடலூரில் 1867-இல் அறச்சாலை கண்டு பசித்தோர்க்குச் சோறிட்ட வள்ளலாரைச் சென்னையிலிருந்து வந்த ஒருவர் எட்டுமுறை படமெடுக்க முயன்றும், உடுத்த வெள்ளாடை மட்டுமே பதிந்தது, உருவம் பதியவில்லை என்று அவர்தம் அன்பர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் உளம். அவருடைய ஒளிப்படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை என்பதும், நாம் வணங்கும் உருவமெல்லாம் ஓவியர் வரைந்தவையே என்பதும் மெய். படத்தில் அகப்படாமல் இருக்கவும் மாந்தனுக்கு உரிமை உண்டு. பெயரைச் சொல்லிவிட்டு, வெளியில் போட வேண்டா தம்பி என்று ஒருவர் சொன்னால், உங்கள் குறிப்பேட்டில் அது இருக்கட்டும். இணையத்துக்குப் போக வேண்டா.

அண்ணாகிராமத்துக்கோ வேறெந்த ஒன்றியத்துக்கோ இனிப் போகும் இளைஞர்கள் ஒரு சிறு குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்க. ஊர், அதன் தெரு, ஆற்றின் அல்லது ஏரியின் பெயர், பயிர், செய்யும் வேலைக்கு அவ்வூரார் சொல்லும் சொல், ஆளின் பெயர், நாள். ஊரார் சொன்ன ஒலிப்பிலேயே எழுதுக. திருத்தி எழுத வேண்டா. ஒரு கருவியிலேயே வைத்திருந்தால் கருவியோடு போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை படங்களைத் தாளில் அச்சிட்டு, அவ்வூர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ ஒரு தொகுதி கொடுத்து வைக்கலாம். எடுக்கப்பட்டவர் வீட்டுக்கும் ஒரு படி போக வேண்டும். வெள்ளம் புகுந்த வீடுகளில் ஈரமேறி ஒட்டி அழிந்தவற்றுள் திருமணப் படங்களும் இறந்துபோன பெற்றோரின் படங்களும் இருந்தன. அவற்றுக்கு வேறு படி கிடையாது. ஆகவே கொடுக்கும் படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் நாளையும் மைக்கோலால் எழுதாமல் கரிக்கோலால் எழுதிக் கொடுங்கள். மை நீரில் கரையும். கரிக்கோல் எழுத்து கரையாது.